ஏன் ஓடவில்லை? பெங்களூரின் வீரக்கற்களும் ரோமானியப் படைவரிசையும்

1965-இல் பெங்களூர் எச்.ஏ.எல். விமான நிலையப் பகுதியில் 256 ரோமானிய வெள்ளிக் காசுகள் கிடைத்தன. தொம்மலூரிலிருந்து கிழக்கே போகும் பழைய விமான நிலையச் சாலையில் போனால் அந்த இடம் வந்துவிடும். அதற்கு முன்பே, 1891-இல் யஷ்வந்தபுரத்தில் ரயில் பாதை வேலையின்போது 163 காசுகள் வெளிப்பட்டிருந்தன. இந்தப் புதையல்களைப் பற்றி எழுதுபவர்கள் மிளகு, முத்து, துணி என்று வணிகத்தையே பேசுவார்கள். அது சரிதான். ஆனால் தெனாரியஸ் என்ற அந்தக் காசுக்கு இன்னொரு வாழ்க்கையும் உண்டு. ரோமானியப் படைவீரனின் ஊதியம் அதில்தான் கணக்கிடப்பட்டது. அகஸ்டஸ் காலத்தில் லீஜியன் வீரனுக்கு ஆண்டுக்கு 225 தெனாரியஸ். உணவுக்கும் உடைக்கும் ஆயுதத்துக்கும் அதிலேயே பிடித்தம் செய்துகொள்வார்கள். எச்.ஏ.எல். புதையல் ஒரு வீரனின் ஓராண்டு ஊதியத்தைவிடச் சற்றே அதிகம்.

அந்த ஓராண்டு ஊதியத்துக்கு அவன் தந்தது என்ன? அணிவகுத்து நடந்தான், அகழி வெட்டினான், சாலை போட்டான். எல்லாவற்றுக்கும் மேலாக, எதிரி ஓடிவரும்போது தான் ஓடாமல் நின்றான். அந்தக் கடைசிச் செயலைக் காசால் விளக்க முடியாது. உயிர் போனபின் ஊதியம் எதற்கு? ஒரு மனிதன் தன் உடல் முழுக்க ஓடச் சொல்லும்போது எதனால் நிற்கிறான் என்ற கேள்வியை ரோமானிய வரலாற்றாளர்கள் நூற்றைம்பது ஆண்டுகளாகக் கேட்டு வருகிறார்கள். தமிழகத்திலும் கருநாடகத்திலும் அதே கேள்விக்கான சான்று வயல்வரப்பிலும் ஏரிக்கரையிலும் கோயில் வாசலிலும் கல்லாகக் கிடக்கிறது. இரண்டையும் ஒருசேர வைத்துப் பார்த்தவர்கள் குறைவு. இக்கட்டுரை அதற்கான முயற்சி.

முதலில், நிற்பது ஏன் அவ்வளவு முக்கியம் என்பதைப் பார்க்கவேண்டும். பழங்காலப் போர்களில் பெரும்பாலான உயிர்கள் மோதலின்போது போகவில்லை. ஒரு பக்கம் முதுகு காட்டிய பிறகே போயின. கிரேக்கப் போர்களின் இழப்புகளைத் தொகுத்த பீட்டர் கிரென்ட்ஸ் 1985-இல் காட்டிய கணக்கின்படி, வென்றவர் தரப்பில் இறந்தவர்கள் சுமார் 5 விழுக்காடு. தோற்றவர் தரப்பில் சுமார் 14. முகத்துக்கு முகம் நிற்கும்வரை கேடயம் காக்கிறது, பக்கத்தில் இருப்பவன் காக்கிறான். திரும்பி ஓடுபவனுக்கு இரண்டும் இல்லை. ஆகவே கூட்டமாகப் பார்த்தால் நிற்பதே உயிருக்குப் பாதுகாப்பு. தனியொருவனாகப் பார்த்தால், மற்றவர்கள் நிற்கும்போது தான் மட்டும் நழுவுவதே பாதுகாப்பு. எல்லாரும் தனித்தனியாக இப்படி எண்ணத் தொடங்கினால் படை கலைந்துவிடும். பழைய போர்க்கலை முழுதும் இந்த முடிச்சை அவிழ்க்கும் முயற்சி என்றே சொல்லலாம்.

ரோமானியர்கள் அதை எப்படி அவிழ்த்தார்கள் என்பதற்குத் தொடக்கத்தில் சொல்லப்பட்ட விடை தண்டனை. காவலில் தூங்கியவனையும் இடத்தை விட்டு ஓடியவனையும் சக வீரர்களே தடியாலும் கல்லாலும் அடித்துக் கொல்வார்கள் என்று பொலிபியஸ் எழுதுகிறார். ஒரு பிரிவு முழுதும் ஓடினால் சீட்டுப் போட்டுப் பத்தில் ஒருவரைக் கொல்வது வழக்கம். கி.மு. 71-இல் ஸ்பார்ட்டகஸின் அடிமைக் கிளர்ச்சியின்போது கிராசஸ் இந்தப் பழைய தண்டனைக்கு மீண்டும் உயிர் கொடுத்தார். கேட்கும்போது இதுவே போதுமான விளக்கமாகத் தோன்றும். ஆனால் தண்டனை நாளை வருவது, எதிரியின் வாள் இன்று வருவது. நாளைய அச்சத்தால் இன்றைய அச்சத்தை எந்நேரமும் வெல்ல முடியாது. இதைத் தெளிவாகக் கண்டவர் 1870-இல் பிரஷ்யப் போரில் இறந்த பிரெஞ்சு அதிகாரி ஆர்தான் டு பிக். ஒருவரையொருவர் அறியாத துணிச்சல்காரர்களைவிட, ஒருவரையொருவர் நன்றாக அறிந்த சாதாரண மனிதர்கள் உறுதியாக நிற்பார்கள் என்பது அவர் கண்டடைந்த விடை. அவருக்குப் பின் ஜான் கீகன் 1976-இல் எழுதிய 'போரின் முகம்' என்ற நூல், தளபதியின் வரைபடத்தை ஒதுக்கிவைத்து, வரிசையில் நிற்பவனின் கண்ணால் போரைப் பார்க்கக் கற்றுக்கொடுத்தது. ஏட்ரியன் கோல்ட்ஸ்வொர்தி, ஃபிலிப் சேபின், லெண்டன் ஆகியோர் ரோமானியப் போரை அந்தக் கண்ணால் மீண்டும் பார்த்தார்கள். சேபின் 2000-இல் முன்வைத்த சித்திரம் இன்று பரவலாக ஏற்கப்படுகிறது: இரு வரிசைகளும் விடாமல் வெட்டிக்கொண்டிருக்கவில்லை; சற்றுத் தொலைவில் எதிரெதிராக நின்று, மூச்சு வாங்கி, அவ்வப்போது சிலர் பாய்ந்து மோதி, மறுபடி விலகினார்கள். அதனால்தான் ஒரு போர் மணிக்கணக்கில் நீடிக்க முடிந்தது. இந்த இடைவெளி நேரங்கள்தான் மனத்துக்கு மிகக் கடினமானவை. வெட்டும்போது யோசிக்க நேரமில்லை. நிற்கும்போது இருக்கிறது.

அந்த இடைவெளியை ரோமானிய அமைப்பு ஆட்களால் நிரப்பியது. எட்டுப் பேர் ஒரே கூடாரத்தில் உறங்கி ஒன்றாகச் சமைத்து உண்டார்கள். இப்படிப்பட்ட பத்துக் கூடாரம் ஒரு செஞ்சுரி. அதன் தலைவன் செஞ்சுரியன் முன்னால் நிற்பான்; துணைத்தலைவன் நீண்ட கோலுடன் பின்னால் நிற்பான், பின்வாங்குபவனை வரிசைக்குத் தள்ளுவதற்கு. முன்னால் நிற்பவன் எவ்வளவு விலை கொடுத்தான் என்பதற்கு கெர்கோவியா சான்று: கி.மு. 52-இல் அங்கே சீசர் இழந்த ஏறக்குறைய 700 பேரில் 46 பேர் செஞ்சுரியன்கள். டைராக்கியம் முற்றுகையில் ஸ்கீவா என்ற செஞ்சுரியனின் கேடயத்தில் 120 துளைகள் எண்ணப்பட்டன.

எனக்கு இவையெல்லாவற்றிலும் முக்கியமாகப் படுவது கி.மு. 57-இல் சாம்பர் ஆற்றங்கரையில் நடந்தது. நெர்வியர்கள் காட்டிலிருந்து பாய்ந்து வந்து ரோமானியரைத் திணறடித்தார்கள். பன்னிரண்டாம் லீஜியனில் ஒரு பிரிவின் செஞ்சுரியன்கள் எல்லாரும் இறந்துவிட்டார்கள். பின்வரிசையினர் மெல்ல நழுவத் தொடங்கினார்கள். சீசர் பின்வரிசை வீரன் ஒருவனிடமிருந்து கேடயத்தை வாங்கிக்கொண்டு முன்வரிசைக்குப் போய், எஞ்சியிருந்த செஞ்சுரியன்களைப் பெயர் சொல்லி அழைத்தார் என்று அவரே எழுதியிருக்கிறார். வரிசை நின்றது. சீசர் தன்னைப் பற்றி எழுதியவற்றைச் சந்தேகத்தோடு வாசிக்கவேண்டும் என்பது உண்மை. ஆனால் தன் வீரச் செயலாகச் சொல்ல அவர் தேர்ந்தெடுத்தது கொலையை அல்ல, பெயர் சொல்லி அழைத்ததை. தன்னை அறிந்தவர் பார்க்கிறார் என்ற உணர்வு மனிதனை நிறுத்துகிறது என்பதை அந்தத் தளபதி தெரிந்துவைத்திருந்தார்.

தமிழ் இலக்கணம் கண்ட களம்

நம் பக்கம் வருவோம். தமிழில் இந்தக் கேள்வியை முதலில் வகைப்படுத்தியது தொல்காப்பியத்தின் புறத்திணையியல். வலிமையே பொருளாக இரு வேந்தர் எதிரெதிர் நின்று பொருவது தும்பைத் திணை. அதன் துறைகளைப் படிக்கும்போது, போர்க்களத்தின் எந்தெந்தக் கணங்களை அந்த இலக்கணம் தனித்துக் கவனித்தது என்பது வியப்பளிக்கிறது. தன் வேந்தனை எதிரிகள் சூழ்ந்துகொண்டபோது ஒருவன் திரும்பி வந்து முன்னணிப் படையைத் தாக்குவது தார்நிலை. தன் படை உடைந்து ஓடும்போது ஒருவன் அந்த உடைந்த படைக்குள் புகுந்து பின்னணியைத் தாங்கி நிற்பது எருமை மறம். வெற்றியின் கணத்துக்கு மட்டுமல்ல, தோல்வியின் நடுவே ஒருவன் நின்றுவிடும் கணத்துக்கும் துறை வகுத்திருக்கிறார்கள். அத்தனை பேரும் ஓடும்போது ஒருவன் நிற்பதால் என்ன பயன் என்று கேட்கலாம். மேலே சொன்ன கணக்கே பதில். ஓடும் படையில்தான் உயிர்கள் போகின்றன. பின்னணியைத் தாங்கும் ஒருவன் பலருக்கு ஓடும் நேரத்தை வாங்கித் தருகிறான்.

சங்கப் பாடல்களில் நிற்பதன் மறுபக்கமாக முதுகுப்புண் வருகிறது. வெண்ணிப் பறந்தலையில் கரிகாலனோடு பொருத சேரமான் பெருஞ்சேரலாதனின் கதை பலரும் அறிந்தது. மார்பில் பாய்ந்த ஆயுதம் முதுகையும் புண்ணாக்கியதால் நாணி வாளோடு வடக்கிருந்து உயிர் துறந்தான். அவன் ஓடவில்லை, எதிர்த்தே நின்றான். ஆனாலும் முதுகில் புண் தெரிந்தது போதுமானதாயிற்று. காக்கைபாடினியார் நச்செள்ளையார் பாடிய தாய், தன் மகன் முதுகு காட்டி இறந்தான் என்று பேசக் கேட்டு, வாளோடு களம் புகுந்து பிணங்களைப் புரட்டித் தேடுகிறாள். அவன் முதுகு காட்டவில்லை என்ற உண்மை தெரியவந்ததும் பெற்றபோது மகிழ்ந்ததைவிட அதிகம் மகிழ்கிறாள். பள்ளியில் படிக்கும்போது இதை வீரத்தாய் என்ற ஒரே சொல்லில் கடந்துவிடுகிறோம். நான் இந்தப் பாடலை வேறு விதமாக வாசிக்கிறேன். ஊரார் பேசிய ஒரு வதந்தி, வயது முதிர்ந்த ஒருத்தியைப் பிணக்களத்துக்குள் விரட்டியிருக்கிறது. களத்தில் நின்றவனை அவ்வளவு தொலைவிலிருந்து ஊரின் கண் பிடித்து நிறுத்தியது. பத்தில் ஒருவரைக் கொல்லும் ரோமானியத் தண்டனை செய்த வேலையை இங்கே ஊர்ப்பேச்சு செய்தது.

ஆனால் இரண்டுக்கும் ஒரு பெரிய வேறுபாடு உண்டு. கி.மு. 216-இல் கன்னே போரில் ஹன்னிபாலிடம் தோற்று உயிர் பிழைத்தவர்களை ரோம் அவமானப்படுத்திச் சிசிலிக்கு அனுப்பியது. இத்தாலிக்குத் திரும்பக்கூடாது என்றது. பல ஆண்டுகள் கழித்து ஸ்கிப்பியோ அவர்களைத் தன் படையில் சேர்த்துக்கொண்டார். கி.மு. 202-இல் சாமா போரில் அதே ஹன்னிபாலை வென்றதில் அவர்களுக்கும் பங்கு உண்டு. ஓடியவனுக்கு மறுவாய்ப்பு அளித்தது அந்த அமைப்பு. சங்கப் பாடல்களின் உலகில் அந்த வழி இல்லை. பெருஞ்சேரலாதனுக்கு வடக்கிருத்தல் மட்டுமே மிஞ்சியது. இது பாடல்களின் உலகம், போர்க்கள நடைமுறையே இப்படியா என்பது வேறு கேள்வி. கைலாசபதி 1968-இல் வெளியிட்ட 'தமிழ் வீரநிலைக் கவிதை' ஆய்வு இந்தப் பாடல்களைக் கிரேக்க வீரகாவியங்களோடு ஒப்பிட்டு, பாணர் மரபின் வாய்பாடுகள் அவற்றில் எவ்வளவு ஆழமாக உள்ளன என்று காட்டியது. வாய்பாட்டை அப்படியே வரலாறாக எடுத்துக்கொள்ளக்கூடாது.

கல் சொல்வதும் சொல்லாததும்

அதனால்தான் கல்லுக்குப் போகவேண்டியிருக்கிறது. தேனி மாவட்டம் புலிமான்கோம்பையில் 2006-இல் கண்டெடுக்கப்பட்ட தமிழ் பிராமி நடுகற்கள் இந்தியாவின் மிகப் பழைய எழுத்துடைய நடுகற்களில் அடங்கும். அவற்றில் ஒன்று கூடலூரில் நடந்த ஆகோள் பூசலில் இறந்த அந்தவன் என்பவனுக்கு நட்டது. செங்கம் வட்டாரத்தில் இரா. நாகசாமி தலைமையில் கண்டு 1970-களில் பதிப்பித்த கற்கள் பல்லவர் காலத்தவை. தொறுவை, அதாவது மாட்டு மந்தையை, கவர்ந்தபோதோ மீட்டபோதோ பட்டான் என்பதே பெரும்பாலான கற்கள் தரும் செய்தி. எடுத்தனூர்க் கல் தனித்தது. மகேந்திரவர்மனின் 34-ஆம் ஆட்சியாண்டில் இறந்த வீரனோடு, கள்வரைக் கடித்துக் காத்துக்கிடந்த கோவிவன் என்ற அவன் நாயையும் அது பெயர் சொல்லிக் குறிக்கிறது.

இந்தக் கற்களை வைத்துப் படைவரிசை பற்றிப் பேசுவதில் ஒரு சிக்கல் உண்டு. தொறுப்பூசல் என்பது ஓர் ஊர் ஆட்கள் இன்னோர் ஊர் ஆட்களை விரட்டிப் போய்ச் சண்டையிடுவது. அங்கே வரிசையும் இல்லை, தளபதியும் இல்லை. லீஜியனோடு அதை நேராக ஒப்பிடுவது தவறு. ஒப்பிடத்தக்கவை வேந்தர் போர்களைக் குறிக்கும் கற்கள். அவை பெங்களூரைச் சுற்றி நிறைய உண்டு. கங்கர், நுளம்பர், இராட்டிரகூடர், சோழர் என்று பல அரசுகள் உரசிய எல்லைநிலம் இது.

தொம்மலூரே அந்த எல்லையின் அடையாளம். இங்குள்ள சொக்கநாத சுவாமி கோயிலில் 13-ஆம் நூற்றாண்டுத் தமிழ்க் கல்வெட்டுகள் உள்ளன. ஊரைத் தேசிமாணிக்கப்பட்டணம் என்றும் அவை அழைக்கின்றன. போசள வேந்தன் வீர இராமநாதனின் ஆணையும் அவற்றில் உண்டு. ஆனால் கோயில் சுவர் நினைவில் வைத்திருப்பது கொடுத்தவர்களை: நிலம் விட்டவர், விளக்குக்கு ஏற்பாடு செய்தவர். நின்று இறந்தவனைத் தேடினால் சுவரை விட்டு வெளியே வரவேண்டும்.

வடக்கே ஹெப்பாளில் 2018-இல் வடிகால் தோண்டும்போது வெளிவந்த கல் சுமார் கி.பி. 750-ஐச் சேர்ந்தது. கங்க மன்னன் ஸ்ரீபுருஷன் காலத்தில் இராட்டிரகூடத் தாக்குதலை எதிர்த்து நின்று இறந்த கிட்டய்யாவுக்கு நட்டது. தெற்கே பேகூரின் நாகேஸ்வரர் கோயிலில் சுமார் கி.பி. 890-ஐச் சேர்ந்த கல், பெங்களூர்ச் சண்டையில் நாகத்தரனின் மகன் புட்டண செட்டி இறந்ததைச் சொல்கிறது. பெங்களூர் என்ற பெயர் இடம்பெறும் பழைய சான்றாக அது புகழ்பெற்றுவிட்டது. நகரின் பெயரைத் தேடி வருபவர்கள் அங்கே ஓர் இளைஞன் இறந்திருக்கிறான் என்பதைக் கவனிக்காமல் போகிறார்கள். அவனோடு அவ்வீட்டுப் பணியாள் ஒருவனும் அக்கல்லில் இருக்கிறான். ஒரே வீட்டவர்கள் ஒரே களத்தில்.

பேகூரிலிருந்து கொண்டுவந்து கஸ்தூர்பா சாலை அரசு அருங்காட்சியகத்தில் வைத்திருக்கும் பெரிய பலகைக்கல் இன்னும் விரிவாகப் பேசுகிறது. கங்க மன்னன் எறெயப்பன், அய்யப்பதேவனுக்கு உதவியாக நாகத்தரனைப் படையோடு அனுப்புகிறான். தும்பேபாடியில் வீரமகேந்திரனோடு போர். நாகத்தரன் யானைகளை நெருங்கிப் பொருது இறக்கிறான். செய்தி கேட்ட எறெயப்பன், இருகன் என்பவனுக்கு நாகத்தரப் பட்டம் கட்டி, பேகூரை உள்ளிட்ட பன்னிரண்டு ஊர்களைத் தருகிறான். கல்லின் மேற்பகுதி முழுதும் யானை, குதிரை, காலாள் என்று நெரிசலான போர்க்காட்சி. இந்தக் கல்லின் முன் நிற்கும்போது எழுத்தைவிடச் சிற்பம்தான் முதலில் கண்ணில் படும். இருந்தும் என் கேள்விக்குத் திறவுகோல் கடைசி வரிகளில் இருக்கிறது. இறந்தவனின் பட்டமும் ஊரும் யாருக்குப் போயின என்பதைக் கல் சாட்சியாகப் பதிவு செய்கிறது. வீரக்கல் புகழ்மொழி மட்டுமல்ல, ஆவணமும்கூட. கன்னடக் கல்வெட்டுகள் இத்தகைய கொடையை நெத்தரு கொடகெ என்கின்றன. தமிழ்க் கல்வெட்டுகளில் உதிரப்பட்டி. இறந்தவனின் குடிக்கு இறையிலி நிலம். ஊரார் எல்லாரும் பார்க்க நட்ட கல்லில் எழுதிய வாக்கை மன்னனோ ஊர்ச்சபையோ மீறுவது எளிதன்று. அடுத்த போருக்குப் போகும் இளைஞன் அந்தக் கல்லைக் கடந்துதான் போகிறான்.

ஆகவே என் கருத்து இது: நம் நிலத்து வீரன் நின்றதற்கு முதன்மைக் காரணம் அச்சமின்மையும் அல்ல, மன்னன் மேல் கொண்ட பக்தியும் அல்ல. தன்னை அறிந்தவர்கள் பார்க்கிறார்கள், தான் விழுந்தால் தன் குடிக்கு அவர்கள் வாக்குக் காப்பார்கள் என்ற நம்பிக்கையே அவனை நிறுத்தியது. ரோமில் சாட்சி பக்கத்துக் கூடாரத் தோழன். இங்கே சாட்சி ஊர். இந்தக் கருத்துக்கு எதிராக ஒரு வலுவான வாதம் உண்டு. ஓடியவனுக்கு யாரும் கல் நடுவதில்லை. நின்றவர்களின் சான்று மட்டும் எஞ்சியிருக்கும்போது, நின்றதற்கான காரணத்தை அதிலிருந்து மட்டும் எப்படிப் பெறுவது? இதற்கு, படை உடைந்த போரையும் உடையாத போரையும் அருகருகே வைத்துப் பார்க்கவேண்டும். அதிர்ஷ்டவசமாகச் சோழர் வரலாற்றில் அப்படி ஓர் இணை கிடைக்கிறது.

தக்கோலமும் கொப்பமும்

கி.பி. 949-இல் தக்கோலத்தில் சோழ இளவரசன் இராசாதித்தன், இராட்டிரகூட மன்னன் மூன்றாம் கிருஷ்ணனையும் அவனுக்குத் துணைவந்த கங்க மன்னன் பூதுகனையும் எதிர்த்தான். யானைமேல் இருந்தபடியே இராசாதித்தன் இறந்தான். சோழப்படை உடைந்தது, தொண்டை மண்டலம் கைவிட்டுப் போனது. சோழர் மறுபடி எழப் பல ஆண்டுகள் ஆயின. இதே போரின் எதிர்ப்பக்கச் சாட்சியும் பெங்களூர் அருங்காட்சியகத்தில்தான் இருக்கிறது: மண்டியா மாவட்டம் ஆதகூரிலிருந்து வந்த கல். சோழப்படையை எதிர்த்து நின்ற மணலேரன் என்ற வீரனுக்கு என்ன வேண்டும் என்று பூதுகன் கேட்க, அவன் காளி என்ற வேட்டைநாயைக் கேட்டான். பிறகு பேளதூர் மலையில் காட்டுப்பன்றியோடு சண்டையிட்டு அந்த நாய் இறந்தபோது அதற்கே கல் நட்டார்கள். இராசாதித்தனின் சாவு இந்த நாயின் நினைவுக்கல்லிலும் பதிவாகியிருக்கிறது.

சுமார் நூறு ஆண்டுகளுக்குப் பின், கி.பி. 1054 வாக்கில் கொப்பத்தில் இன்னொரு சோழன் யானைமேல் இறந்தான். முதலாம் இராசாதிராசன், சாளுக்கிய சோமேசுவரனை எதிர்த்து. இம்முறையும் படை பின்வாங்கத் தொடங்கியது. ஆனால் பின்னணியில் இருந்த தம்பி இரண்டாம் இராசேந்திரன் தன் யானையோடு முன்னேறினான். எதிரியின் அம்புகள் அவன் யானையின் நெற்றியிலும் அவன் தொடையிலும் தோளிலும் பாய்ந்ததையும், அவனோடு யானைமேல் இருந்த வீரர்கள் விழுந்ததையும் அவன் மெய்க்கீர்த்தி சொல்கிறது. சாளுக்கியத் தரப்பில் மன்னனின் தம்பி சயசிங்கன் உள்ளிட்டோர் இறந்தார்கள். போர் திரும்பியது. அந்தக் களத்திலேயே இராசேந்திரன் முடிசூடினான். மெய்க்கீர்த்தி என்பது புகழ் பாடும் வகை. தோல்வியை மறைக்கும், வெற்றியைப் பெருக்கும். ஆனாலும் அடிப்படை நிகழ்வைச் சந்தேகிக்கக் காரணம் இல்லை.

இரண்டு போர்களிலும் தலைவன் யானைமேல் இறந்தான். முதலாவதில் படை உடைந்தது, இரண்டாவதில் உடையத் தொடங்கி நின்றது. வீரர்களின் துணிச்சல் நூறாண்டில் மாறியிருக்காது. மாறியது இரண்டு. ஒன்று, படையின் அமைப்பு: 11-ஆம் நூற்றாண்டுச் சோழர்களிடம் பெயர் தாங்கிய நிலைப்படைகள் இருந்தன. தஞ்சைப் பெரியகோயில் கல்வெட்டுகளில் அந்தப் படைப்பிரிவுகளின் பெயர்களை நிரலாகக் காணலாம்; அப்பெயர்களால் கோயிலுக்குக் கொடையும் தந்திருக்கிறார்கள். இரண்டாவது, பின்னணியில் ஒரு தலைவன் கண்ணுக்குத் தெரியும்படி இருந்தது. ரோமானியரும் இதற்காகவே மூன்றாம் வரிசையில் மூத்த வீரர்களான டிரியாரிகளை மண்டியிட்டுக் காத்திருக்க வைத்தார்கள். யானை என்ற படைக்கலத்தின் பெரும் பலவீனமும் இங்கே தெரிகிறது. தலைவன் எல்லார் கண்ணிலும் படும் உயரத்தில் இருக்கிறான். அவன் விழுந்தால் அதுவும் எல்லார் கண்ணிலும் படும். சாம்பர் கரையில் சீசர் கேடயம் ஏந்தித் தரையில் நின்றார்.

சூளுரைத்தவர்கள்

தலைவன் விழுந்தால் என்ன ஆகும் என்ற அச்சத்துக்குத் தென்னிந்தியா கண்ட இன்னொரு விடை, தலைவனோடு சாகச் சூளுரைத்த படை. சோழரின் வேளைக்காரர், பாண்டியரின் தென்னவன் ஆபத்துதவிகள், போசளரின் கருடர். பாண்டிய நாட்டில் மன்னனின் உடலை எரிக்கும்போது அவனுடைய நம்பிக்கைக்குரிய தோழர்கள் தாமும் தீயில் பாய்வார்கள் என்று மார்க்கோ போலோ எழுதினார். ஹளேபீடு ஹொய்சளேசுவரர் கோயில் வளாகத்திலுள்ள தூண், இரண்டாம் வல்லாளன் 1220-இல் இறந்தபோது தன் உயிரை மாய்த்துக்கொண்ட குவர லட்சுமனையும் அவன் மனைவியையும் வீரர்களையும் நினைவுகூர்கிறது. தம் தலையைத் தாமே அரியும் உருவங்கள் அத்தூணில் செதுக்கப்பட்டுள்ளன.

இந்தச் சூளுறவை அளவுக்கு மீறிப் போற்றுவதில் எனக்கு உடன்பாடு இல்லை. பொலன்னறுவையில் முதலாம் விஜயபாகுவிடம் பணிபுரிந்த வேளைக்காரப் படை, சோழருக்கு எதிராகப் போகச் சொன்னபோது மறுத்துக் கிளர்ந்தெழுந்து அரண்மனைக்கே தீ வைத்தது. அதே வேளைக்காரர்கள், விஜயபாகுவின் காலத்துக்குப் பின், புத்தரின் பல்லைக் காப்பதாக உறுதியளித்துப் பொலன்னறுவையில் தமிழ்க் கல்வெட்டு பொறித்தார்கள். உயிரையே தரச் சூளுரைத்தவர்களும் யாருக்காக, யாரை எதிர்த்து என்று கேட்டிருக்கிறார்கள். தம்மவர் என்று அறிந்தவர்களை எதிர்த்து நிற்க அவர்களுக்கு மனம் வரவில்லை. என் கருத்துக்கு இதுவும் சான்று.

துப்பாக்கி வந்தபின் கேள்வி மாறியதா? 1791 மார்ச் 21 இரவு கார்ன்வாலிஸின் படை பெங்களூர்க் கோட்டையின் உடைந்த மதிலில் ஏறியபோது, திப்புவின் கில்லேதார் (கோட்டைத் தலைவர்) பகதூர் கான் அந்த உடைப்பிலேயே பொருது இறந்தார். கார்ன்வாலிஸின் படையிலும் சென்னை மாகாணத்துச் சிப்பாய்கள் இருந்தார்கள். இரு பக்கமும் தென்னாட்டவர்கள் இருந்தார்கள். இரண்டாம் உலகப்போருக்குப் பின் 1948-இல் ஷில்ஸ், ஜானோவிட்ஸ் இருவரும் ஜெர்மானியப் படையை ஆராய்ந்து, வீரனை நிறுத்தியது நாட்டுக் கொள்கையைவிடச் சிறு குழுவின் பிணைப்பே என்றார்கள். ஓமர் பார்டோவ் இதை மறுத்தார்: கிழக்கு முனையில் அந்தச் சிறு குழுக்கள் சில வாரங்களில் அழிந்தபின்னும் அதே படை போரிட்டதே, அதை எப்படி விளக்குவது? கொள்கைவெறியும் கொடிய தண்டனையும் காரணம் என்றார். இந்த மறுப்பு எளிதில் தள்ளத்தக்கதல்ல. என் கருத்துக்கும் அது ஓர் எல்லை போடுகிறது. முன்பின் அறியாதவர்களைக்கூட நிறுத்திவைக்க நவீன அரசால் முடியும்.

ஆனாலும் 1962 நவம்பர் 18-இல் லடாக்கின் ரெசாங் லா கணவாயில் நடந்ததை எண்ணாமல் இருக்க முடியவில்லை. மேஜர் ஷைத்தான் சிங் தலைமையில் 13-ஆம் குமாவோன் படைப்பிரிவின் ஒரு கம்பெனி, சுமார் 120 பேர். நூற்றுக்கு மேற்பட்டவர்கள் இறந்தார்கள். அடுத்த ஆண்டு பனி விலகியபோது பலர் பதுங்குகுழியில் ஆயுதத்தோடு இருந்தபடியே கண்டெடுக்கப்பட்டார்கள். பெரும்பாலானவர்கள் இன்றைய ஹரியாணாவின் ரேவாரி வட்டாரத்துக் கிராமங்களின் அஹீர்கள், உறவினர்கள், அக்கம்பக்கத்தினர். பேகூர்க் கல்லின் ஒரே வீட்டவர்களை எனக்கு அது நினைவூட்டுகிறது.

இதுவரை நின்றவனைப் பற்றியே பேசினோம். அவன் குடிக்குத் தந்த நிலத்தில் யார் வாழ்ந்தார்கள்? பெங்களூர், கோலார், ஓசூர் வட்டாரங்களில் வீரக்கற்களின் பக்கத்திலேயே மாஸ்திக் கற்கள் நிற்கின்றன; கணவனோடு தீயில் இறந்த பெண்களுக்கு நட்டவை. மடக்கிய கையும் வளையலுமே அவற்றின் அடையாளம். அங்கே வாக்கின் பயன் மனைவிக்குப் போகவில்லை, மகனுக்கோ தம்பிக்கோ போயிருக்கும். ஒருவன் நிற்க ஊர் கொடுத்த விலையில் அவளுடைய உயிரும் அடங்கியிருந்தது என்றால், வீரக்கல்லைப் போற்றும் எவரும் அதையும் சேர்த்தே கணக்கிடவேண்டும்.

இந்தக் கேள்வி தீரத் தேவைப்படும் வேலை கண்முன் இருக்கிறது. பி.எல். ரைஸ் 1905-இல் வெளியிட்ட எபிகிராஃபியா கர்நாடிகாவின் ஒன்பதாம் தொகுதி பெங்களூர் வட்டாரக் கல்வெட்டுகளைத் தந்தது. இன்று மிதிக் சொசைட்டி எஞ்சிய கற்களை முப்பரிமாணத்தில் பதிவு செய்துவருகிறது. தமிழ்நாட்டுத் தொல்லியல் துறையின் நடுகல் தொகுப்புகளும் உள்ளன. இவற்றில் நிலக்கொடை குறிக்கும் கற்களை மட்டும் பிரித்து, கொடை யாருக்குப் போனது, மனைவிக்கா, மகனுக்கா, தம்பிக்கா, வேறொருவனுக்கா என்றும், எந்தவகைச் சண்டைக்குக் கொடை அதிகம் என்றும் அட்டவணையிடலாம். வேந்தர் போரில் இறந்தவனின் குடிக்குக் கொடை தொறுப்பூசலில் இறந்தவனின் குடியைவிட அதிகமாகவும் ஒழுங்காகவும் கிடைத்திருந்தால், நிற்பதற்கு அரசு ஒரு விலை வகுத்திருந்தது என்று பொருள். இரண்டுக்கும் ஒரேபோல் இருந்தால், ஊரின் வாக்கை அரசு கடன் வாங்கிக்கொண்டது என்று பொருள். பேகூர், ஹெப்பாள், ஆதகூர், செங்கம் கற்களை வைத்து இன்றே தொடங்கக்கூடிய வேலை இது.